தலைதாங்கிக்குக் கிடைத்த அரசு உதவி

ரயிலில் உட்கார்ந்தபடி தூங்குகிறவனின் தலை எந்தப் பக்கம் சாயும் என்பது அவன் கையில் இல்லை. என் தலை இடது பக்கம் சாயும். இடது பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியின் டைம் ஆபீசில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதுவதும், நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற அறிவிப்புகளை டைப் அடிப்பதும் என் வேலை. குடியிருந்தது மீஞ்சூரில். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். காலையில் ஷிப்ட் முடிந்ததும் சென்னை போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரமாக இடம் பிடிப்பேன். கவரப்பேட்டை வருவதற்குள் கண் சொக்கிவிடும். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தால் கம்பி மண்டையில் தாளம் போடும். அதனால் தலை தானாகவே இடது பக்கத்தைப் பழகிக்கொண்டது.

பொன்னேரியில் ஏறும் பாய் அந்த இடத்துக்கு வந்து உட்காருவார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். பொன்னேரி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். வாரத்தில் நாலு நாள் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போவார். எப்போதும் வெள்ளைச் சட்டை. நான் மீஞ்சூரில் இறங்கும்போது அந்தச் சட்டையின் வலது தோளில் உள்ளங்கையளவு ஈரம் இருக்கும்.

மூன்று மாதம் இப்படியே போனது. மனிதர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மீஞ்சூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் முழங்காலைத் தட்டி எழுப்பிவிடுவார். ஒரு நாள் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தன் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, "இப்ப தூங்குங்க தம்பி" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது.

இதை கேன்டீனில் இட்லி தின்றபடி எங்கள் கம்பெனி ஃபிட்டரிடம் சொன்னேன். அவர் ஆந்திர எல்லையோரம் ஆரம்பாக்கத்துக்காரர். என் வயதுதான். யாரைப் பார்த்தாலும் நைனா என்பார், எங்கள் ஃபேக்டரி மேனேஜரையும் சேர்த்து. எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அதற்கு ஒரு கொக்கி போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. எங்கள் கம்பெனியில் கொக்கி இல்லாத கதவே கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமலேயே தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து மேஜைமேல் படம் போட ஆரம்பித்தார்.

"சாமான் வெக்கிற கம்பித் தட்டு உன் தலைக்கு மேலதான இருக்குது? அதுல ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழ ஒரு ஸ்ப்ரிங்கு. ஸ்ப்ரிங்குல உன் தலைய மாட்டிக்கினு தூங்கு நைனா. பாய் தோளுக்கு இன்னா வேலை?"

தலையை எப்படி மாட்டுவது என்று கேட்டேன். அது தையல் சமாச்சாரம், வீட்டில் கேள் என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் நெற்றியை அளந்தாள். பிறகு தாடையை அளந்தாள். ஸ்கூட்டர் சீட்டுக்குப் போடுகிற ரெக்சினில், உள்ளே பஞ்சு வைத்து, நெற்றிக்கு ஒரு பட்டை, தாடைக்கு ஒரு பட்டை, இரண்டையும் காதுப் பக்கம் சேர்த்து மேலே போகிற ஒரு வார். முதலில் தைத்ததில் காது மடங்கி உள்ளே போய்விட்டது. இரண்டாவதில் வாய் திறக்கவில்லை. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். மூன்றாவது சரியாக அமைந்தது. கொக்கியையும் ஸ்ப்ரிங்கையும் ஃபிட்டர் கம்பெனியிலிருந்தே எடுத்து வந்தார், தலைதாங்கி என்று பெயரும் வைத்தார்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், அதாவது தாடைப் பட்டையைத் தளர்த்துவதற்குள், பக்கத்தில் இருந்தவர் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். யாரோ என் பையை வாங்கி மேலே வைத்தார்கள். பொன்னேரிக்கு முன்பே ஒருவர் என் மடியில் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் தூங்கிப்போனேன்.

அப்படி ஒரு தூக்கம் நான் ரயிலில் தூங்கியதே இல்லை. வண்டி ஆடினால் ஸ்ப்ரிங்கும் ஆடியது. தலை நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணைத் திறந்தபோது வண்டி பேசின் பிரிட்ஜில் நின்றுகொண்டிருந்தது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"உங்க தலை என் தோள்ல உளுந்தாத்தான தம்பி உங்க ஞாபகம் வரும்? இன்னிக்கு உளல. நீங்க வந்தீங்கங்கறதே மறந்துட்டேன்."

அன்றிலிருந்து, தலை விழாவிட்டாலும் எழுப்புவது என்று ஒப்புக்கொண்டார். அதற்காகத் தன் பையை என் கால்மேல் வைத்துக்கொள்வார். பையைப் பார்த்தால் என் ஞாபகம் வருமாம். குறை அத்தோடு தீர்ந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஃபிட்டர் ஒரு பழைய பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள். உள்ளூர்க் கண்டுபிடிப்பாளர்களுக்கு அரசு உதவித்தொகை, விருப்பமுள்ளவர்கள் மாவட்டத் தலைநகரில் விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அறிவிப்பு. கடைசித் தேதி இருந்த இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. அதனால் தேதி இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் திருவள்ளூர். ரயிலில் போவதானால் சென்னைக்குப் போய் வேறு ரயில் பிடித்து மறுபடி ஊருக்கு வெளியே வர வேண்டும். நாங்கள் பொன்னேரியில் பஸ் பிடித்து, ஆரணி, பெரியபாளையம் வழியாகப் போனோம். அந்த அலுவலகத்தை விசாரித்துக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அங்கே சூப்பரின்டென்டென்டாக ஒரு மேடம் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் வாசலில் நின்று, கண்டுபிடிப்பு விஷயமாக வந்திருக்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். எங்களை உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். நான் அதுவரை எந்த அரசு அலுவலகத்திலும் டீ குடித்ததில்லை.

"மார்ச்சுக்குள்ள ஒரு ஆளையாவது அனுப்பணும் சார்" என்றார். "போன வருஷம் எங்க மாவட்டத்துல யாரும் எதுவும் கண்டுபிடிக்கலைன்னு எழுதி அனுப்பிட்டேன். அதுக்கு மேலேருந்து விளக்கம் கேட்டாங்க. ஏன் கண்டுபிடிக்கலைன்னு நான் என்ன சார் விளக்கம் எழுதறது?"

தலைதாங்கியை எடுத்துக் காட்டினோம். என்ன என்றுகூடக் கேட்காமல், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்தார். பெயர் எழுத ஒரு கட்டம்தான் இருந்தது. ஃபிட்டர் தன் பெயர் வேண்டாம் என்றார். கம்பெனி ஸ்ப்ரிங் என்று தெரிந்தால் பேஜாராகிவிடும் என்று காதோடு சொன்னார். என் பெயரை எழுதினோம். கருவியை இயக்கத் தேவையானவை என்று ஒரு பத்தி. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை. ஆட்கள் என்ற இடத்தில் நான் 'ஒரு பாய்' என்று சொன்னேன். மேடம் கொஞ்சம் யோசித்து 'ஒரு நபர்' என்று எழுதினார்.

கடைசியில் ஓர் இடத்தில் பேனா நின்றது. இதுபோன்ற கருவி முன்பே வேறெங்கும் இல்லை என்பதற்கு உரிய சான்று இணைக்க வேண்டும். அதை யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். மேடத்துக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் விண்ணப்பிக்காததால் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் சான்று வி.ஏ.ஓ.வில்தான் ஆரம்பிக்கிறது, அங்கேயே ஆரம்பியுங்கள் என்றார்.

எங்கள் வி.ஏ.ஓ. நிதானமான மனிதர். உலகத்தில் இல்லை என்று தன்னால் எழுத முடியாது, தன் எல்லை எதுவரையோ அதுவரைதான் எழுத முடியும் என்றார். அதுவும் விசாரிக்காமல் எழுத மாட்டாராம். தலைதாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் கடை, மாவு மிஷின், சலூன், இரண்டு டீக்கடை என்று ஒவ்வோர் இடமாக நிறுத்தி, உங்களிடம் இதுபோல் உண்டா என்று கேட்டார். சலூன்காரர் மட்டும் வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். பிறகு வி.ஏ.ஓ. நீல மையில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி கருவி போன்ற வேறொன்று இக்கிராம எல்லைக்குள் இன்றைய தேதிவரை இல்லை என்று நேரடி விசாரணையில் தெரியவருகிறது.'

தாலுக்கா ஆபீசில் அதையே தாலுக்கா அளவுக்கு நீட்டிக் கொடுத்தார்கள். அங்கே யாரும் விசாரிக்கப் போகவில்லை. மேடம் அதை வாங்கிப் படித்துவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'பிற இடங்களில் இருப்பதாகத் தகவல் ஏதும் வரப்பெறவில்லை.' விண்ணப்பம் சரியாகிவிட்டது.

பிப்ரவரியில் நிபுணர் குழு முன்னால் செய்துகாட்டக் கூப்பிட்டார்கள். ஹாலில் ரயில் தட்டு இருக்காது என்பதால் ஃபிட்டர் இரும்புக் குழாயில் ஆளுயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்தார். அதை பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொன்னேரி முதல் திருவள்ளூர் வரை எல்லா ஊர்க்காரர்களும் அது என்ன என்று கேட்டுவிட்டார்கள். ஃபிட்டர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னார். பெரியபாளையத்தில் ஏறியவரிடம் குளுக்கோஸ் ஸ்டாண்டு என்றார்.

ஹாலில் எங்களைத் தவிர இன்னும் ஒரே ஒரு கண்டுபிடிப்பாளர்தான் இருந்தார். திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி. வேர்க்கடலைக் கொல்லையில் கிளி விரட்டுகிற இயந்திரம் செய்திருந்தார். ஒரு பழைய தகர டின், அதற்குள் டேபிள் ஃபேன் மோட்டார், மோட்டாரில் கட்டிய சங்கிலி. சுவிட்சைப் போட்டால் சங்கிலி சுற்றித் தகரத்தை அடிக்கும். நல்ல மனிதர். தன் மிஷின் வைத்த பிறகு கிளி மட்டுமல்ல, சம்பந்தி வீட்டாரும் வருவதில்லை என்று எங்களிடம் சிரிக்காமல் சொன்னார்.

குழுவில் மூன்று பேர். ஒரு வங்கி மேலாளர், சிறுதொழில் சங்கத்திலிருந்து ஒருவர், தலைவராக ஓர் ஓய்வுபெற்ற என்ஜினியரிங் பேராசிரியர். பேராசிரியருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தாம்பரத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி வந்திருந்தார். அரசு விருந்தினர் என்பதால் மேடம் மதியம் நல்ல சாப்பாடு போட்டிருந்தார். எங்கள் முறை அதற்குப் பிறகு.

நான் விளக்கத் தொடங்கினேன். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்டுபிடித்தவன் சொல்வதை வைத்து ஒன்றும் தெரியாது, உபயோகிப்பவனாக நானே இருந்து பார்க்கிறேன் என்று எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபிட்டர் மிகவும் மரியாதையாக அவர் தலையில் பட்டைகளை மாட்டினார். ஸ்ப்ரிங்கின் இழுவிசை பற்றி ஒரு கேள்வி கேட்டார் பேராசிரியர். ஃபிட்டர் பதில் சொல்லி முடித்தபோது மறு கேள்வி வரவில்லை. அவர் தூங்கிவிட்டார்.

முதலில் அவர் யோசிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு குறட்டை கேட்டது. வங்கி மேலாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். குழுத் தலைவரை எழுப்புவது யார் பொறுப்பு என்று எந்த விதியிலும் இல்லை. சிறுதொழில் சங்கத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இருபது நிமிஷம் நாங்கள் அத்தனை பேரும் நின்றபடி அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபேன் சத்தத்தைக் குறைக்க மேடம் போய் ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தார். ஃபிட்டர் மட்டும் முகம் மலர்ந்து, அடிக்கடி குனிந்து தாடைப் பட்டையைச் சரிபார்த்தார்.

அதற்குள் மின்சாரம் போய்விட்டது. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தோம். கிளி விரட்டுபவர், மின்சாரம் இல்லாத நேரத்தில் தன் முறைக்காகப் போட்டுப் பார்த்த சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து மின்சாரம் திரும்பி வந்தது. தகர டின் வேலையைத் தொடங்கியது.

அந்த ஹாலில் இடி விழுந்தால்கூட அப்படிக் கேட்டிருக்காது. வங்கி மேலாளர் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்திலிருந்த காக்கைகள் ஒன்று பாக்கியில்லாமல் கிளம்பிப் போயின. பேராசிரியரின் கையும் காலும் நாலு பக்கமும் தூக்கிப்போட்டன. தலை அசையவில்லை. பட்டைகளுக்கு நடுவே கண்கள் மட்டும் திறந்து எங்களைப் பார்த்தன.

டின்னை நிறுத்திய பிறகு, அவர் தாடைப் பட்டையைத் தானே கழற்றினார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வலி இல்லை" என்றார். பிறகு குழுவின் மற்ற இருவர் பக்கம் திரும்பி, "ரெண்டுமே வேலை செய்யுது. ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றார்.

மேடத்துக்கு அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு கண்டுபிடிப்பாளர்கள் கிடைத்தார்கள். எங்களை பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார்.

உதவித்தொகையை இரண்டு தவணையாகக் கொடுப்பார்கள். முதல் தவணையில் இருபத்தைந்து தலைதாங்கி செய்து, இருபத்தைந்து பயனாளிகளை வைத்துச் சோதித்து, அவர்களிடம் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். அதன் பிறகு இரண்டாவது. என் மனைவி பத்து நாளில் இருபத்தைந்தும் தைத்துக் கொடுத்தாள். ரெக்சின் கடைக்காரர் எங்களுக்கு எத்தனை ஸ்கூட்டர் இருக்கிறது என்று கேட்டாராம். பயனாளிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஷிப்டிலேயே என்னையும் சேர்த்து இருபத்துநாலு பேர் கிடைத்துவிட்டார்கள். கவரப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று வழிநெடுக இறங்குகிறவர்கள். அவரவர் ஊர் வரும்போது எழுப்பும் வேலையை ஃபிட்டர் ஏற்றுக்கொண்டார். பொன்னேரியில் பாய் ஏறிக்கொண்டதும் மிச்சம் இருப்பவர்களை அவரும் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

சோதனையை நேரில் பார்க்க மேடம் முதல் நாளே வந்து கும்மிடிப்பூண்டியில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். காலையில் அட்டையும் பேனாவுமாக பிளாட்பாரத்தில் நின்றார். ஒரே பெட்டியில் எல்லோரும் ஏறினோம். ஃபிட்டர் வரிசையாகக் கொக்கிகளை மாட்டிக்கொண்டே போனார். இருபத்துநாலு பேர் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அந்தப் பெட்டியில் ஏற வந்தவர்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

வண்டி கிளம்பும் நேரத்தில் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். ரோலிங் மில் நின்றுவிட்டது, ஃபிட்டர் உடனே வர வேண்டும். அவர் இறங்கும்போது மேடத்திடம், "பாத்துக்கோ நைனா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததை மேடமும் பாயும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொன்னேரியில் ஏறிய பாய்க்கு இருபத்தைந்தாவது தலைதாங்கியை மேடம் கொடுத்தார். பயனாளி எண்ணிக்கை குறையக் கூடாது என்பது அவர் கவலை. பாய் மறுத்துப் பார்த்தார். படிவத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும் என்று மேடம் கெஞ்சியதும் மாட்டிக்கொண்டார். இரண்டு நிமிஷம் மட்டும் என்று நினைத்தாராம்.

மேடம் தூங்கவில்லை. பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அட்டையோடு நடந்து, ஒவ்வொரு தலையாகப் பார்த்து, 'ஆழ்ந்த உறக்கம்' என்று குறித்துக்கொண்டே வந்தார். மீஞ்சூர் போனது. எண்ணூர் போனது. எங்கள் இருபத்தைந்து பேரின் தலையும் நேராக சென்ட்ரலுக்குப் போய்ச் சேர்ந்தது.

எழுப்பக் கூடாதா மேடம் என்று நான் பிளாட்பாரத்தில் நின்று கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாரும் நல்லா தூங்கினீங்க சார். எழுப்பினா டிரையல் கெட்டுப்போயிடும்னு நினைச்சேன்."

எங்களில் பாயைத் தவிர யாருடைய பாஸும் மீஞ்சூரைத் தாண்டிச் செல்லாது. வெளியே போகும் வழியில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் நின்றிருந்தார். இருபத்துநாலு பேர், கையில் ஆளுக்கொரு கொக்கியும் ஸ்ப்ரிங்கும், நெற்றியில் பட்டை பதிந்த தடம். ஒரு கும்பலை அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். மேடம் முன்னால் போய் அரசு ஆணையின் நகலை நீட்டினார். அவர் முழுவதும் படித்தார். படித்துவிட்டு, இதில் தூங்கலாம் என்று இருக்கிறது, டிக்கெட் இல்லாமல் வரலாம் என்று எங்கேயும் இல்லையே அம்மா என்று பணிவாகச் சொன்னார். மேடம் தன் கைப்பையைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் அபராதம் கட்டினார். ரசீதில் 'சோதனைச் செலவு' என்று எழுதித்தர முடியுமா என்று கேட்டார். பரிசோதகர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கருத்துப் படிவங்களை நிரப்பினோம். தூக்கம் எப்படி என்ற இடத்தில் எல்லோரும் மிக நன்று என்று எழுதினார்கள். குறைகள் என்ற இடத்தில் அவரவர் ஊர்ப் பெயரை எழுதினார்கள். ஒருவருடைய மனைவி பொன்னேரி ஸ்டேஷனில் அவருக்காக மூன்று மணி நேரம் காத்திருந்து, அதற்கப்புறம் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை.

இரண்டாவது தவணை வந்தது. அதில் நூறு செய்தோம். சிப்காட் வாசலில் ஒரு டீக்கடையில் வைத்து விற்றதில் ஒரே மாதத்தில் முக்கால்வாசி போய்விட்டது. ரயிலில் யாரும் மாட்டிக்கொண்டு வருவதாகத் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. யார் வாங்குகிறார்கள் என்று டீக்கடைக்காரரிடம் கேட்கவும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் மேனேஜர் நோட்டீஸ் ஒன்றைக் கையால் எழுதி, டைப் அடித்துப் போர்டில் ஒட்டும்படி என் மேஜையில் வைத்தார். 'பாதுகாப்புப் பணியாளர்கள் கொக்கி, ஸ்ப்ரிங், தலைப்பட்டை ஆகியவற்றைப் பணியிடத்துக்குக் கொண்டுவருவது தடை செய்யப்படுகிறது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' சிப்காட்டின் பாதி வாட்ச்மேன்கள் அதை வாங்கி வாசலுக்குப் பக்கத்து ஷெட்டில் மாட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் தலை நேராக நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கிற அதிகாரிக்கு அவர்கள் விழிப்பாகக் காவல் காப்பதுபோல் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கம்பெனியில் ஒரு லாரி நிறையத் திருட்டுத் தகடு ஏற்றி வெளியே போனபோது, டிரைவர் கைகாட்டிக்கொண்டே போனாராம். வாட்ச்மேன் திரும்பக் கைகாட்டவில்லை.

நான் அந்த நோட்டீசைப் பிழையில்லாமல் டைப் அடித்தேன். அதே வாரம் மற்ற கம்பெனிகளிலும் அதையே ஒட்டினார்கள். ஃபிட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார் மேனேஜர். கொக்கி எல்லோரும்தான் செய்கிறார்கள் நைனா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மிச்சமிருந்ததை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்தோம். ஒரு நாள் பாய் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவருடைய மருமகள் அதில் ஒன்றைக் கையில் எடுத்து ஸ்ப்ரிங்கை இழுத்துப் பார்த்தாள். கைக்குழந்தை ஒன்று அவளுக்கு இருந்தது. எங்கள் வீட்டு உத்தரத்தில் கொக்கியை மாட்டி, பட்டையை எடுத்துவிட்டு, புடவையைக் கட்டிக் குழந்தையைப் போட்டாள். ஒரு தட்டுத் தட்டினால் தொட்டில் தானாகவே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பாய் கிட்டே போய்த் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். நோன்புப் பெருநாளுக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தகவல் வந்தது. பட்டைகளைக்கூடக் குழந்தையின் கால் வெளியே வராமல் கட்ட வைத்துக்கொண்டார்களாம்.

மேடம் வருஷ முடிவில் பயனாளிகள் விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். நான் உண்மையை எழுதினேன். அவர் போன் செய்து, ரொம்ப சந்தோஷம், இதைக் குழந்தைகள் நலம் என்ற தலைப்பில் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். காட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஃபிட்டர் அதற்குப் பிறகு ஒரிசா பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். என் மனைவிக்குத்தான் வேலை நிற்கவே இல்லை. பாய் கடைக்குத் தொட்டில் துணியும் வாரும் தைக்கிற ஆர்டர் மாதா மாதம் வந்தது. இரண்டாவது மிஷின் வாங்கினாள், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். நான் பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்சின் வெட்டிக் கொடுக்க உட்காருவேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டிய பத்தையும் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் கோணலாக் கீது" என்றாள். "நீங்க போய் தூங்குங்க."